ஒண்ணாம் தேதி ஊசி

புதிதாகப் பிசியோதெரபி வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இப்படிப்பட்டவற்றை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அந்த வயது ஆகவில்லை. இந்த மாதத்தோடு திருவனந்தபுரத்து நம் எலும்பு மருத்துவக் கிளினிக்கிலிருந்து கிளம்புகிறேன்; நாகர்கோவிலில் சொந்தமாகப் பயிற்சி கொடுக்க ஓர் அறை எடுத்திருக்கிறேன். "போறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுத்துட்டுப் போங்க சேட்டா" என்று கேட்டீர்கள். கேட்டதற்காக வருத்தப்படாதீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

பயிற்சிகளைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. முட்டியை எப்படி மடக்குவது, கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கச் சொல்வது என்பதெல்லாம் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது வயதானவர் யார் வந்தாலும் வைட்டமின் டி எழுதுகிறார்கள் அல்லவா? அதனால் இது உங்களுக்கு உதவும்.

திருவனந்தபுரத்தில் வெயிலுக்கு என்ன குறைச்சல் என்று நானும் முதலில் நினைத்தேன். என் அப்பா கொத்தனார். நாள் முழுவதும் சாரத்தில் நின்று கறுத்த உடம்பு. அவரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, வெயிலிலிருந்து கிடைக்கிற ஒரு சத்து இந்த ஊரில் ஒருவருக்குக் குறையும் என்பது நம்ப முடியாததாக இருந்தது. கரமனை அக்ரஹாரத்துக்குள் போன பிறகுதான் புரிந்தது. ஒட்டி ஒட்டி நீண்டு கிடக்கும் வீடுகள். முன்வாசலில் விழும் வெயில் நடு அறைக்கு வராது. காலே தகராறு செய்யும் எண்பது வயதுக்காரர்கள் அந்த நடு அறையை விட்டு வெளியே வருவதில்லை. வந்தாலும், வயதான தோல் இளமையில் செய்ததைப் போல அந்தச் சத்தை உண்டாக்குவதில்லை. அது குறைந்தால் எலும்பு மட்டுமல்ல, தொடைத் தசையும் சோர்ந்துபோகும். நாற்காலியை விட்டு எழ முடியாது. விழுவார்கள்.

சீதாலக்ஷ்மி அம்மாள் அப்படித்தான் விழுந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த மகன் ராமநாதன் சாரின் கரமனை வீட்டில், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியாதது அதிர்ஷ்டம். ஆனால் கதவை உடைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. புதுக் கதவு போட்டபோது ராமநாதன் சார் உள்தாழ்ப்பாளே வேண்டாம் என்றுவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் துவாரம் வைத்த நாற்காலி ஒன்றும், அதன் கீழே ஒரு வாளியும் வந்தன.

நான் முதல் தடவை போனபோது அம்மாள் அந்த நாற்காலிமேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"நீயாக்கும் எக்சர்சைஸா?" என்றார். அன்றிலிருந்து என் பெயர் அதுதான். "இங்க பாரு, எனக்கு ஓட்டம் சாட்டமெல்லாம் வேண்டாம். கோவிலுக்குப் போகணும், ஆத்தங்கரைக்குப் போகணும்னு ஒண்ணும் கேக்கலை. பாத்ரூமுக்கு நானே போகணும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கணும். அவ்வளவுதான். உன்னால ஆகுமா?"

"ஆகும்மா. ஆனா நான் சொல்றதை நீங்க கேக்கணும்."

"ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவடா நான். எவ்வளவு பேர் சொன்னதைக் கேட்டிருக்கேன். நீ சொல்றதைக் கேக்க மாட்டேனா?"

நோயாளியிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது. ஆனால் அதைத் தவிர வேறு எதற்காகவும் அவர் நாற்காலியிலிருந்து எழமாட்டார்.

நம் டாக்டர் ரத்தம் பார்த்தார். வைட்டமின் டி மிகவும் குறைவு. வாரத்துக்கு ஒரு பொட்டலம் பொடி, பாலில் கலந்து எட்டு வாரம். பிறகு நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். அளவான, சரியான வைத்தியம். அதோடு என் பயிற்சி. இரண்டு மாதத்தில் அம்மாள் நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். நின்ற இடத்திலிருந்தே மருமகளைக் கூப்பிட்டு, "தாழ்ப்பாள்காரனுக்குச் சொல்லி அனுப்பு" என்றார். ராமநாதன் சார், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றார்.

அந்தக் கொஞ்ச நாளில்தான் எல்லாம் தலைகீழானது.

அம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் இதே ஊரில்தான்: கரமனையில் ராமநாதன், பட்டம் பகுதியில் மகள் லலிதா, மணக்காட்டில் இளையவர் சங்கரன். மலையாள மாதம் ஒண்ணாம் தேதி பிறந்தால் அம்மாள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவார். பெட்டியும், மருத்துவக் காகிதங்கள் வைத்த பையும் கூடவே போகும். விழுந்ததால் நின்றிருந்த இந்த முறை மறுபடி ஆரம்பித்தது. நானும் மூன்று வீட்டுக்கும் மாறி மாறிப் போனேன். மூவருமே அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். கதையில் இதை மட்டும் மறக்காதீர்கள். பாசம் குறைந்த வீடாக இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

மூன்று பேருக்கும் ஒரே பயம். அம்மா நம் வீட்டில் இருக்கும்போது விழுந்துவிடக் கூடாது. மூத்தவர் வீட்டில் விழுந்ததற்கே உறவுக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆறேழு மாதம் போயிருக்கும். அம்மாள் தளர ஆரம்பித்தார். எழுந்து நின்றவர் பாதியில் உட்கார்ந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். மலச்சிக்கல். எப்போதும் தாகம், இரவும் பகலும் சிறுநீர். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். வயசு. வெயில். வீடு மாறின அலைச்சல். "என்னவோ தெரியலை, கொஞ்சம் தெம்பு குறைஞ்சு போச்சு" என்றார் லலிதா அம்மா. நானும் பயிற்சியைக் குறைத்துப் பார்த்தேன். டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "அடுத்த வாரம்" என்றார்கள். அடுத்த வாரம் வருவதற்குள் ஒண்ணாம் தேதி வந்துவிட்டது.

மீன மாசம், அதாவது பங்குனி, ஒண்ணாம் தேதி. காலையிலேயே வெயில் சுட்டது. மணக்காடு வீட்டுக்குள் நான் நுழைந்தபோது, பக்கத்து நர்சிங் ஹோமிலிருந்து வந்த சிஸ்டர் ஒருவர் மேசைமேல் தட்டை வைத்து ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் அவருக்காக ஆட்டோ காத்திருந்தது. சங்கரன் சார் வங்கிக்குக் கிளம்பத் தயாராக, சட்டைப் பையில் பேனாவோடு நின்றார். அம்மாள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையில் தண்ணீர் டம்ளர்.

"வாடா, ராமு" என்றார் என்னைப் பார்த்து.

ராமு அவருடைய மூத்த மகன். நான் சங்கரன் சாரைப் பார்த்தேன்.

"கார்த்தாலேர்ந்து இப்படித்தான். ரெண்டு தரம் வாந்தி வேற" என்றார் அவர். "ஒரே வீக்னெஸ். இந்த ஊசியைப் போட்டுட்டா எழுந்து உக்காந்துடுவா. வைட்டமின் டிதான்."

சிஸ்டர் பஞ்சை நனைத்தார். அம்மாள் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"எந்தாத்துக்குப் போனாலும் மொதல்ல இடுப்புல ஒரு குத்து. கிரகப்பிரவேசம் எனக்கா, வீட்டுக்கான்னு தெரியலை."

சிஸ்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அம்மா, எந்த வீட்டுக்குப் போனாலுமா?"

"பின்னே? மூணு ஆத்துலயும்தான். ஒண்ணாம் தேதி பொறந்தா ஊசி."

"அவ சும்மா வேடிக்கைக்குச் சொல்றா" என்றார் சங்கரன் சார். "நான் மட்டுந்தான் போடறேன். எங்க டாக்டர் அந்த ரத்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, ரொம்ப கம்மியா இருக்கு, ஊசி போடணும்னார்."

அந்த ரிப்போர்ட் எட்டொன்பது மாதத்துக்கு முந்தையது, பொட்டலம் ஆரம்பிக்கும் முன்பே எடுத்தது. பையோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த அதே ரிப்போர்ட்.

இங்கேதான் நீங்கள் என் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். படிக்கும்போது மனப்பாடம் செய்த ஒரு வரி எனக்கு நினைவுக்கு வந்தது. வைட்டமின் டி அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், தசைச் சோர்வு, புத்தி தடுமாற்றம். நாற்காலியில் இருந்தவரிடம் இவை எல்லாமே இருந்தன. ஆனால் எண்பது வயதுக்காரருக்கு வேறு நூறு காரணங்களாலும் இவை வரும். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான்தான். அந்த அறையில் எனக்கு எதிரே நின்றவர் இன்னொரு டாக்டர் எழுதிய சீட்டோடு நின்றார்.

"சார், இந்த ஊசி இப்ப வேண்டாம்."

"என்ன சொல்றேள்?"

"ரத்தத்துல கால்சியம் பாத்துட்டு அப்புறம் போடலாம்."

"தம்பி, நீங்க எக்சர்சைஸ் பண்ண வந்திருக்கேள். மருந்து விஷயத்துல தலையிடாதேங்கோ. அம்மா எழுந்திருக்கவே முடியாம இருக்கா, நீங்க தெம்பு ஊசியை வேண்டாங்கறேள். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"போடட்டே சாரே?" என்றார் சிஸ்டர். "எனிக்கு வேற ரெண்டு வீட்டுக்குப் போகணும்."

"ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டு போனிலிருந்தே நம் கிளினிக்குக்குப் பேசினேன். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். வெளியே வந்ததும் இந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்கிறேன் என்றார்கள். எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சங்கரன் சாரும் சிஸ்டரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், எனக்கு உறுதியாத் தெரியாது. தெரியாததாலதான் சொல்றேன். இந்த ஊசியை நாளைக்கும் போடலாம். போட்ட ஊசியை வெளியில எடுக்க முடியாது."

உங்களுக்கு நான் விட்டுப்போக விரும்புவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். சரியா தவறா என்று தெரியாதபோது, திருப்பி எடுக்க முடியாததைத் தள்ளிப் போடுங்கள். தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்காதீர்கள். தெரியாததையும் உரக்கச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

ஆனால் சங்கரன் சார் அசையவில்லை. "லலிதா அம்மாகிட்டயும் ராமநாதன் சார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றேன். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அண்ணா காட்டிய டாக்டர் போதாது என்று வேறு டாக்டரிடம் போனதை அண்ணாவிடமே எப்படிச் சொல்வது? அவர் தயங்கியதை அம்மாள் கவனித்துவிட்டார். கண் மூடியிருந்தாலும் அவருக்குக் காது எப்போதும் திறந்தேயிருக்கும்.

"போனை இப்படிக் கொண்டாடா. நான் கேக்கறேன்."

சங்கரன் சார் போனைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தார். அம்மாள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதில் மட்டும் இன்னும் அந்தப் பழைய மிடுக்கு இருந்தது. விரல் எண்களின் மேலே போய் நின்றது. அப்படியே நின்றது.

"லலிதா நம்பர் என்னடா?"

 ஊரில் பாதிப் பேருடைய எண் இன்றைக்கும் தெரியும் என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்லிக் காட்டுவார். யாரோ வக்கீல், யாரோ துணிக்கடை, எப்போதோ மாறிப்போன எண்கள். அவற்றையெல்லாம் மறக்காதவர் பெற்ற பெண்ணின் எண்ணைக் கேட்டார்.

சங்கரன் சாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் பேச்சு செய்யாததை அந்தக் கேள்வி செய்துவிட்டது. அவர் குனிந்து தானே எண்ணை அழுத்தினார்.

"லலிதா, ஒண்ணாம் தேதி எனக்கு ஊசி போட்டயா?" என்றார் அம்மாள். ரிசீவரிலிருந்து குரல் வெளியே கேட்டது.

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"போட்டேன்மா. நம்மாத்துக்கு வரப்பல்லாம் போட்டேன். பொட்டலமும் குடுத்தேன். உன் தெம்புக்குத்தானே? அண்ணாகிட்ட சொல்லிடாதே. அவன் காட்டின டாக்டர் சரியில்லைன்னு நான் சொன்ன மாதிரி ஆயிடும்."

அடுத்து ராமநாதன் சார். அலுவலகத்தில் இருந்தார். முதலில் அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "போட்டேம்மா. முதல் தரம் நம்மாத்துலதானே விழுந்தே? மறுபடி விழக்கூடாதேன்னு... லலிதாவுக்குத் தெரிய வேண்டாம், கேட்டயா?"

அம்மாள் ரிசீவரை வைத்தார். "மூணும் திருட்டுப் பசங்க" என்றார். அதைச் சொல்லி முடிக்கும்போதே தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்து மூடினார். ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் போன் மணி அடித்தது. நான் நாலே வாக்கியத்தில் சொன்னேன். நம் டாக்டரும் அதிகம் பேசவில்லை; மாத்திரைகூடக் கொடுக்காமல் உடனே கூட்டி வரச் சொன்னார். "ஒண்ணும் குடுக்கண்டா. கால்சியம் குளிகையும் வேண்டா. இப்போ தன்னே இங்கே கொண்டு வரூ."

ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் அடிவாங்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு ஊசி போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சலைன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

வார்டுக்கு வெளியே மூன்று பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ராமநாதன் சார் என்னிடம் கேட்டார்: "நல்ல மருந்துதானே தம்பி? கூடினா கூட நல்லதுதானே பண்ணணும்?"

நான் சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அப்பாவோடு போய்க் கலவை சுமந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"சார், சுவர் பூசறப்போ சில வீட்டுக்காரங்க வந்து, சிமென்ட்டைக் கூட அள்ளிப் போடுங்க, பலமா இருக்கட்டும்பாங்க. கலவையில சிமென்ட் மிஞ்சினா பூச்சு வெடிச்சுடும் சார். இங்கயும் அதான். அம்மாவுக்குச் சத்து குறைஞ்சிருந்தது, டாக்டர் நிரப்பினார். நிரம்பின பிறகும் மூணு பேரும் ஊத்தியிருக்கீங்க."

லலிதா அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சங்கரன் சார் அவர் தோளில் கை வைத்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவில்லை. அதற்காக அந்தக் குடும்பத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு, வைட்டமின் டி என்றாலே பயந்துவிடாதீர்கள். அது தவறான பாடம். அடுத்த நாளே பேட்டையில் வேறொரு பெரியவருக்கு டாக்டர் அதே பொட்டலத்தை எழுதினார். வாரத்துக்கு ஒன்றுதான் என்று நானே அவர் மகளுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் நன்றாகத் தேறினார். குறைந்தவருக்கு அது மருந்துதான், சந்தேகமே இல்லை. ஆனால் விழுகிற ஒவ்வொருவரும் அது குறைந்ததால் விழுவதில்லை. தளர்ந்தவரைப் பார்த்ததும் தெம்புக்கு ஏதாவது கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை நீளும். உங்கள் கை நீளும் முன் வாயைத் திறந்து கேளுங்கள்: இதுவரை என்ன கொடுத்தீர்கள்? யார் கொடுத்தார்கள்? வேறு எந்த வீட்டில் இருந்தார்? பதில் சொல்லக் கூச்சப்படுவார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, மரியாதையால். அந்தக் கூச்சத்தை மதித்து நீங்கள் கேட்காமல் விட்டால் நாற்காலியில் இருப்பவர்தான் அனுபவிப்பார். அவர் வேடிக்கையாகச் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். வலியைப் புலம்பாத தலைமுறை அது. சிரித்துச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள்.

அம்மாள் தேற நாளானது. அந்த வைட்டமின் உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கிவிடும், மெதுவாகத்தான் இறங்கும். புத்தி முதலில் தெளிந்தது. ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் லலிதா வீட்டு எண்ணை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "சரியாடா?" என்று கேட்டார். கால்கள் வர இன்னும் மாதங்கள் பிடித்தன. நாற்காலியிலிருந்து எழுவதையே மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம். ஒண்ணாம் தேதி வீடு மாறுவது அப்படியே இருந்தது. மருந்து மட்டும் ஒரே டாக்டர், ஒரே கை. ராமநாதன் சார் வீட்டிலிருந்துதான் எல்லாம் போகும் என்று மூவரும் பேசி முடிவுசெய்தார்கள்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் கரமனை வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த நாற்காலியைக் காணவில்லை. குளியலறைச் சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பி பதித்திருந்தார்கள். கதவின் உட்புறம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று பளபளத்தது. அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி.

"இன்னிக்குப் பரீட்சை" என்றார் அம்மாள். கைத்தடியை ஊன்றி எழுந்தார். யாரையும் பிடிக்கவில்லை. மருமகள் கூடவே இரண்டடி வந்தார். அம்மாள் ஒரு பார்வை பார்த்தார், அவர் நின்றுவிட்டார். நான் மட்டும் கதவுவரை போனேன்.

"அம்மா, சும்மா சாத்திக்கிட்டாப் போதும். தாழ்ப்பாள் இன்னைக்கே வேண்டாம்."

"நீ கேட்ட எக்சர்சைஸ் எல்லாம் பண்ணினேனா இல்லையா?"

"பண்ணினீங்க."

"அப்போ நகரு."

கதவைச் சாத்திக்கொண்டார். நான் காத்திருந்தேன். முதலில் தடி சுவரில் சாயும் ஓசை. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்து இடத்தில் விழும் ஓசை, ஒரே தள்ளில்.

மருமகள் என்னைப் பார்த்தார். "தாழ்ப்பாள் போட்டுண்டுட்டாளே?"

"ஆமாம்மா" என்றேன். இரண்டு பேரும் கதவை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றோம்.